துணைக்கால்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு டெலிபோன் அழைப்பு. நான்கு மாதமாக என்னோடு பேச்சே இல்லாதிருந்த அக்கா ஒரு சனிக்கிழமை காலையில் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, எதுவும் இல்லை. நீ கெடுத்ததை நீயே வந்து சரி பண்ணு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எதைக் கெடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். எதைச் சரி பண்ணச் சொல்கிறாள் என்பதுதான் விளங்கவில்லை. போய்ப் பார்த்தால், அவள் வீட்டு நடு அறையில், அத்தான் பாதியில் விட்டுப்போன ரயில் நிற்கிறது.

ரயில் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற ரயில். மேஜைபோல் கால் வைத்த எட்டடிக்கு நாலடிப் பலகை, அதன்மேல் முட்டை வடிவில் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், மூன்று மலைகள். முதலில் "பொம்மை ரயில்" என்று எழுதியிருந்தேன்.

[பொம்மை இல்ல. மாதிரி ரயில். அடிச்சு எழுது.]

அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அக்கா. இதை எழுதிக்கொள்ளலாம் என்று அவள் அனுமதி தந்தபோது போட்ட நிபந்தனை அது. பக்கத்துக்குப் பக்கம் அவள் பார்ப்பாள். அவள் சொல்வது அப்படியே அச்சில் வர வேண்டும். முன்பு ஒருமுறை கேட்காமல் எழுதியதற்கான தண்டனை. வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

தொடக்கத்துக்கு மூன்று முயற்சி செய்தேன். "எட்டடிப் பலகையில் ஓர் உலகம் உறங்கிக்—" இப்படி எழுதுகிறவனை நானே நம்பமாட்டேன். "அத்தான் வீட்டைவிட்டுப் போன அன்று மழை—" மழை பெய்யவில்லை. மூன்றாவது தொடக்கம் ஒரே எழுத்து: "வ." உண்மையில் கதை முழுதும் அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒற்றை எழுத்தைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அதனால் டெலிபோனே இருக்கட்டும்.

2

அத்தானை அறிமுகப்படுத்த வேண்டும். இங்கேதான் எனக்குக் கை தயங்குகிறது. அவரை ஏற்கெனவே ஒருமுறை அறிமுகப்படுத்திய வினையைத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனி. ஆனால் லிஃப்ட்டில் ஏறமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழுது பார்க்கப் போன லிஃப்ட்டுக்குள் ஐந்து மணி நேரம் தனியாக மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து கதவு சாத்துகிற பெட்டி என்றால் அவருக்கு வியர்த்துவிடும். பன்னிரண்டு மாடியானாலும் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு படியேறுவார். கேட்டால் உடம்புக்கு நல்லது என்று சமாளிப்பார். இந்த விஷயம் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, அவருக்கு முழங்கால் வலி ஆரம்பித்திருந்தது, பயந்துபோய்ச் சொன்னாள்.

நான் அதைச் சிரிப்புக் கதையாக எழுதினேன். ஒரு வார இதழில் படத்தோடு வந்தது. பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை, கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தேன். ஆனால் கருவிப்பையில் கட்டிய பச்சைக் கயிறு இருந்தது. மாடிக்கு ஒருதரம் நின்று, மூச்சு வாங்குவது தெரியாமல் போனைப் பார்ப்பதுபோல் நடிப்பது இருந்தது. கம்பெனியில் யாரோ அந்தப் பக்கத்தைக் கிழித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அத்தானுக்குப் "படிக்கட்டு" என்று பெயர் விழுந்தது.

அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. அக்காவிடமும் குரலை உயர்த்தவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். இரண்டு வாரம் கழித்து, எட்டு மணி நேரப் பயணத்தில் இருந்த வேறொரு வேலையிடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். பெட்டியோடு வாசலில் நின்று, "நான் போறேன்," என்றார்.

நம்மில் யாரும் வாசலில் நின்று அதை மட்டும் சொல்வதில்லை. தெருமுனைக்குப் பால் வாங்கப் போனாலும் போயிட்டு வர்றேன்தான். கோபத்தில்கூட வாய் பழக்கத்தில் அப்படித்தான் வரும். அக்கா மீதி வார்த்தைக்காக நின்றாள். மூன்று மாடிக்கும் படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டதாம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சொல்லிவிடுவார் என்று நினைத்தாளாம்.

"வர்றேன்னு சொல்லலடா," என்றாள் என்னிடம். "மறந்திருப்பாருன்னு ரெண்டு நாள் நெனச்சுக்கிட்டேன்."

[இத சரியா எழுதியிருக்க. இருக்கட்டும்.]

3

அக்காவின் தொழில் பல் கட்டுவது. டாக்டர் இல்லை, லேபில் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்பவள். யார் சிரித்தாலும் பல்லைத்தான் முதலில் பார்ப்பாள், அப்புறம்தான் முகம். பலகையில் இருக்கிற மூன்று மலைகளும் அவள் செய்தவை, பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டரில். உற்றுப் பார்த்தால் நடு மலையின் உச்சியில் ஒரு கடைவாய்ப் பல் தெரியும்.

[தெரியாது.]

நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் இருவரும் கட்டியது. தண்டவாளமும் வயரும் அத்தான் பொறுப்பு. மலை, மரம், வீடு எல்லாம் அக்கா. பேசிக்கொள்ளவே மாட்டார்கள். பக்கத்து அறையில் இருந்தால் வீட்டில் ஆளில்லை என்று தோன்றும். எனக்கு அது அலுப்பாக இருக்கும். அவர்களுக்கு அதுதான் வாரத்தின் நல்ல நேரம் என்று இப்போது புரிகிறது.

அவர் போகும்போது பாதிச் சுற்றுக்குத்தான் வயர் வேலை முடிந்திருந்தது. மீதிப் பாதிக்கு அக்காவே, நான்கு மாதத்தில், புத்தகத்தைப் பார்த்துத் தண்டவாளம் பதித்திருந்தாள். எதற்காக என்று கேட்டேன். பாதியில் விட்டால் தூசி அடையும் என்றாள். அவர் என்றாவது வந்து பார்க்கும்போது முழுதாக ஓட வேண்டும் என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் எதற்கு இருக்கிறேன்.

[அடிக்கணும்னு நெனச்சேன். சரி, போ.]

எனக்கு மிச்சம் வைத்திருந்த வேலை இதுதான். ரயிலுக்குக் கரண்ட் ஒரு தண்டவாளம் வழியாகப் போய், மற்றது வழியாகத் திரும்பி வரும். ஆகவே அடிக்கு ஓர் இடத்தில், இரண்டு தண்டவாளத்துக்கும் ஆளுக்கொரு வயரை ஈயம் உருக்கிச் சால்டரிங் வைத்து, பலகையில் போட்ட ஓட்டை வழியாகக் கீழே இறக்க வேண்டும். கீழே பலகையின் நீளத்துக்கு இரண்டு தடித்த வயர்கள் ஓடுகின்றன. இறக்கியதை அவற்றோடு சேர்த்தால் ரயிலை ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து கரண்ட் வந்துவிடும். மேலே நின்று சால்டரிங் வைத்தவன் நான். தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகளில் நான்கை உருக்கினேன். பிறகு கீழே மல்லாந்து படுத்துச் சேர்த்தவனும் நானே.

வயர் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், அத்தான் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த மீதி. அதனால் அவர் ஒவ்வொரு வயரிலும் ஒரு சின்னச் சீட்டை ஒட்டி எழுத்துப் போட்டிருந்தார். ஒன்றில் "போ", மற்றதில் "வ". தடித்த வயர்களிலும் அப்படியே. அக்கா தன் பாதிக்குத் தானாகச் சீட்டு ஒட்டியிருந்தாள், ரயில் போகும் திசையை வைத்து: இடது தண்டவாளத்துக்கு "இ", வலதுக்கு "வ". அத்தானின் எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வ-வை வ-வோடு சேர்த்தேன். மிஞ்சியதை மிஞ்சியதோடு சேர்த்தேன். எழுத்து ஒன்றாயிருந்தால் பொருளும் ஒன்று என்று எண்ணுகிற தவறை வேறு யார் செய்தாலும், எழுதிப் பிழைக்கிறவன் செய்திருக்கக் கூடாது.

4

அக்கா ஸ்விட்சைப் போட்டாள். ரயில் அசையவில்லை. கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஷார்ட் சர்க்யூட்.

மூன்று சனிக்கிழமை இதிலேயே போயிற்று. எங்கள் பாதியின் வயர்களைக் கழற்றினால் ரயில் ஓடுகிறது. ஆனால் மலைக்குப் பின்னால் போனதும் கரண்ட் போதாமல் ஊர்கிறது. மாட்டினால் சிவப்பு விளக்கு. நான் சால்டரிங்கைச் சந்தேகப்பட்டேன். அக்கா தன் தண்டவாளத்தைச் சந்தேகப்பட்டு ஒரு வளைவையே பெயர்த்து மறுபடி பதித்தாள். குளிக்கப்போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதைதான்.

மூன்றாவது சனிக்கிழமை அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிளாஸ்டர் காய்ந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவர் செஞ்சதோட நான் செஞ்சது சேரவே இல்ல பாரு."

வயரைப் பற்றித்தான் சொன்னாள். நான் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அங்கே அழுதால் யாருக்கும் தெரியாது.

(ஒரு குறிப்பு, பின்னால் தேவைப்படும். ரயில் ஓடுகிற சத்தம் மேலே நின்றால் மெல்லிய இரைச்சல்தான். கீழே படுத்திருந்தால் பலகை முழுதும் அதிரும். தலைக்கு நேர்மேலே வரும்போது பக்கத்தில் யார் பேசினாலும் காதில் விழாது.)

சும்மா படுத்திருக்கப் பிடிக்காமல் டார்ச்சை அடித்து அத்தானின் பாதியை ஒரு முனையிலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். போ, வ. போ, வ. போ, வ. எல்லாம் ஒரே பென்சில், கோணலில்லாத கையெழுத்து. அவர் வேலையை நிறுத்திய கடைசி இடம் வந்தது. அங்கே "போ" மாட்டியிருந்தது. அதன் ஜோடி மாட்டாமல் தொங்கியது. முனையை மட்டும் சீவித் தயாராக வைத்திருந்தார். அதன் சீட்டில் "வ" இல்லை. "வா" என்று இருந்தது.

வலது இல்லை. வா. கரண்ட் போகிற வயர் போ, திரும்பி வருகிற வயர் வா. எழுத்தைச் சுருக்கத் துணைக்காலை விட்டிருக்கிறார், அவ்வளவுதான். அக்காவின் வலது தண்டவாளம் அவர் கணக்கில் "போ". நாங்கள் மூன்று வாரமாகப் போவதையும் வருவதையும் மாற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

5

இங்கே நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதுகிறவனுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. வர்றேன் என்று சொல்லாமல் போன மனிதர், போகும் முன் கடைசியாகத் தொட்ட வயரில் "வா" என்று எழுதியிருக்கிறார். நீங்கள் நம்பமாட்டீர்கள். நானே நம்பவில்லை. கதைக்கு வசதியாகத் துணைக்காலை நான்தான் சேர்த்தேனோ என்று எழுதும்போது சந்தேகம் வந்தது.

[துணைக்கால் இருந்துச்சு. நானும் பாத்தேன்.]

அடுத்த சந்தேகம் அக்காவைப் பற்றி. கதையில் வருகிற அக்காவாக இருந்தால் இந்த இடத்தில் கண்ணீர் விட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு பத்தி எழுதியும் வைத்திருந்தேன்: "அக்காவின் விழிகளில் திரண்ட—" வேண்டாம். நிஜ அக்கா, முழங்கால் இரண்டும் சொடுக்க, கீழே வந்து என் பக்கத்தில் படுத்தாள். டார்ச்சை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்பது வயரில் ஒரு துணைக்கால் போடச் சோம்பல், பத்தாவதில் மட்டும் எங்கிருந்து வந்ததாம் என்றாள். சீட்டில் இடம் இருந்திருக்கும் என்று நான் சொன்னேன். இருக்கும் என்றாள். ஆனால் டார்ச்சை அணைக்கவில்லை.

நான் அந்த வயரை மாட்டிவிடக் கையை நீட்டினேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அத விட்டுடு. அது அவர் வேல."

அன்று பிற்பகலே எங்கள் பாதி முழுவதையும் கழற்றி மாற்றி மாட்டினோம். ரயில் ஓடியது, மலைக்குப் பின்னாலும் வேகம் குறையாமல். பார்க்கப்போனால் அந்தத் தொங்குகிற வயருக்கு அவசியமே இல்லை. அக்கா அதைப் போனில் படம் எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் அத்தானுக்கு அனுப்பினாள். அவர் போனதிலிருந்து அவள் அவருக்கு அனுப்பிய முதல் செய்தி.

மறுநாள் பதில் வந்தது. பலகையின் விளிம்புக்கு வெளியே இருந்து எடுத்ததால், படத்தின் ஓரத்தில் மேலே இருந்த தண்டவாளமும் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. "சால்டரிங் யாரு? கட்டை உருகியிருக்கு."

அக்கா "தம்பி" என்று போட்டாள். அதன் பிறகு இரண்டு நாள் ஒன்றும் இல்லை. சரி, என் பெயரைக் கேட்டதும் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வந்தது: "ஞாயித்துக்கிழமை லீவு."

6

வந்தார். இளைத்திருந்தார். காலணியைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், பலகையை ஒரு சுற்று நடந்து பார்த்தார். அக்கா பதித்த வளைவின் மேல் விரலை வைத்துத் தடவினார். நல்லாயிருக்கு என்று யாரும் சொல்லவில்லை. சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு கீழே போனார். என்னைப் பார்த்து, டார்ச் பிடிக்க வா என்றார்.

இரண்டு பேரும் மல்லாந்து படுத்திருந்தோம். மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "தப்பு பண்ணிட்டேன் அத்தான்," என்றேன்.

"டார்ச்ச நேரா பிடி."

நேராகப் பிடித்தேன். அவர் ஈயத்தை உருக்கி, ஊதி, இழுத்துப் பார்த்தார். பிறகுதான் பேசினார். "கத நல்லாத்தான் இருந்துச்சு. அதான் வம்பு. நல்லா இல்லன்னா எவனும் கிழிச்சு ஒட்டியிருக்க மாட்டான்."

இவ்வளவு பெருந்தன்மையான வசவை நான் வாங்கியதில்லை.

பிறகு அவர் மேலே பார்த்து, பலகையோடு பேசுவதுபோல, அக்காவைக் கூப்பிட்டார்.

[இந்த இடத்துல பதினோரு வரி இருந்துச்சு. மேலருந்து நானும் கீழருந்து அவரும் பேசுனது. இவன் நடுவுல டார்ச் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டிருக்கான். அவர் அடிச்சுட்டார். நானும் சரின்னுட்டேன்.]

7

அத்தான் மறுபடி வேலையிடத்துக்குத் திரும்பிய பிறகு, இதுவரை எழுதியதை அக்கா அவருக்கு அனுப்பினாள். (அவர் கிளம்பிய காட்சியை இன்னும் எழுதவில்லை. அது பாக்கி.) அவரிடமிருந்து மூன்று திருத்தங்கள் வந்தன. ஒன்று, உருகிய கட்டைகள் நான்கு இல்லை, ஐந்து. இரண்டு, மேற்படி பதினோரு வரிகள். மூன்றாவதுக்கு அவர் போனிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"நான் செய்யற வேலைய போடாத. பயத்தையும் மாத்து."

என்னவென்று மாற்றட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். லிஃப்ட் என்று போடு, படி ஏறட்டும், அது நல்லாயிருக்கும் என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

ஆகவே, மன்னிக்க வேண்டும், அத்தான் லிஃப்ட் மெக்கானிக் இல்லை. இரண்டாம் பகுதியை முழுதும் திருப்பி எழுதியிருக்கிறேன். பச்சைக் கயிறு பொய், "படிக்கட்டு" பொய். நிஜத்தில் அவர் என்ன வேலை செய்கிறார், எதற்கு அஞ்சுகிறார் என்பதை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஒருமுறை ஊருக்கே சொன்னது போதும். வாசலில் அவர் சொன்ன "நான் போறேன்" நிஜம், அக்கா மூன்று மாடியும் கேட்டுக்கொண்டு நின்ற காலடிச் சத்தமும் நிஜம். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட்டே கிடையாது.

8

பாக்கி இருக்கிற காட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு அவருக்குப் பஸ். கிளம்புமுன் என்னை மறுபடி கீழே படுக்கச் சொன்னார். ரயில் பத்து சுற்று ஓடட்டும், நீ அந்தக் கடைசி ஜாயின்ட்டில் விரலை வைத்துக்கொண்டிரு, அதிர்வில் அசைந்தால் சொல்லு என்றார். அக்கா கன்ட்ரோலரைத் திருகிவிட்டு வாசலுக்குப் போனாள்.

மேஜைக்கு அடியிலிருந்து எனக்குத் தெரிந்தது நான்கு கால்கள்தான். வாசலில் அவருடைய காலணி, எதிரே அக்காவின் வெறுங்கால். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கியதைப் பார்த்தேன். காலணி திரும்பியது. பிறகு நின்றது. அவர் குரல் கேட்டது: "போ..."

ரயில் என் தலைக்கு மேல் வந்துவிட்டது. பலகை அதிர்ந்தது. விரலை எடுக்க முடியாது, எடுத்திருந்தாலும் பயனில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் நான் பார்த்தது ஒன்றே ஒன்று. அக்காவின் குதிகால் இரண்டும் தரையைவிட்டு எழும்பி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, இறங்கின. ரயில் மலைப்பக்கம் போய்ச் சத்தம் அடங்கியபோது வாசலில் இரண்டு கால்தான் இருந்தது.

இதற்கு நான் இரண்டு முடிவு எழுதினேன். முதலாவதில் அவர் "போயிட்டு வர்றேன்" என்கிறார், அக்கா தலையாட்டுகிறாள். இரண்டாவதில் மறுபடியும் வெறும் "போறேன்"தான். ஆனால் இந்தத் தடவை அக்கா எம்பி நின்று, "வாங்க," என்கிறாள். இரண்டையும் அவளிடம் காட்டினேன். இரண்டின் மேலும் பேனாவால் ஒரே கோடாக இழுத்தாள். அப்படியானால் என்னதான் சொன்னார் என்று கேட்டேன். "போன் பண்றேன்" கூட "போ"வில்தான் தொடங்குகிறது. "போர்வைய எடுத்து வச்சியா" என்பதும் அப்படித்தான். எதையாவது சொல் என்று கெஞ்சினேன்.

"சொல்லமாட்டேன்," என்றாள். "நீ எழுதிடுவ."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வழக்கம்போல நான் அவள் பல்லைப் பார்த்தேன். அவளிடமிருந்து தொற்றிய பழக்கம்.

போன வாரம் அங்கே போயிருந்தபோது, பேனா உருண்டு மேஜைக்கு அடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் பழக்கதோஷத்தில் டார்ச்சை அடித்தேன். அக்காவின் பாதியில் "இ"யும் "வ"வும் இருந்த சீட்டுகளைக் காணோம். எல்லாம் புதிது, அவள் லேபில் பல்லுக்குக் குறி போடுகிற நீலப் பென்சிலில்: போ, வா, போ, வா. அத்தானின் பாதிக்கும் போய், அவர் விட்ட ஒன்பது துணைக்காலையும் அதே நீலத்தில் போட்டு வைத்திருக்கிறாள். எப்போது செய்தாய் என்று கேட்டேன்.

[தூசி தட்டும்போது.]

ஆகவே இந்தக் கதையில் ஒரு வயர் மாட்டாமல் தொங்குகிறது. அதன் சீட்டில் "போ" என்று மட்டும் இருக்கிறது. நான் வேண்டுமென்று விட்டதில்லை. எனக்குக் கேட்டது அவ்வளவுதான். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எழுதினால் தயவுசெய்து என்னிடம் காட்டாதீர்கள். நான் எழுதிவிடுவேன்.